தாளிக்காத சட்டி

இதை வாசிக்கிறவர்களில் என் வயதுக்காரர்கள் சிலராவது இருப்பீர்கள். பாண் கடை வரிசையில் செங்கல்லை வைத்து இடம் பிடித்துவிட்டு விளையாடப் போன பிள்ளைகள் நாம். கடைகளில் மைசூர்ப் பருப்பு இல்லாமற்போன காலம் உங்களுக்கு மறந்திருக்காது. வெளிநாட்டிலிருந்து சாப்பாட்டுச் சாமான் வரவேண்டாம், உள்ளதை விளைவித்துச் சாப்பிடுங்கள் என்று அரசாங்கம் சொன்ன காலம். எங்கள் ஊர்ச் சில்லறைக் கடையில் பருப்புச் சாக்கு இருந்த மூலையில் கடைக்காரரின் பூனை குட்டி போட்டிருந்தது. நாங்கள் பருப்பை மறந்து பூனைக்குட்டியைப் பார்க்கப் போவோம்.

அம்மாவின் சமையலைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கூடவே ஒரு பிழையையும் சொல்லியாக வேண்டும். அது சின்ன வயதில் செய்த பிழை அல்ல. போன வருடம், இந்த நரைத்த தலையோடு செய்தது. ஆனால் அது விளங்குவதற்கு அந்தப் பருப்பில்லாக் காலத்துக்குத்தான் போக வேண்டும்.

எங்கள் வீடு ஆற்றங்கரையில். வாவி என்று எழுதுவோம், கதைக்கும்போது ஆறு என்போம். வீடு அக்காவுடையது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மருமகன் வந்து அங்கே இருப்பார். அப்படி வந்தவர் அத்தான். பட்டினத்துப் பிள்ளை, தபால் கந்தோரில் வேலை, மெதடிஸ்த சபை. ஊரில் 'வேதக்காரர்' என்பார்கள். அக்காவுக்கும் அவருக்கும் விருப்பம் என்று தெரிந்தபோது அப்பா பல நாள் யாரோடும் கதைக்கவில்லை. அப்பா கண்ணகை அம்மன் கோயிலின் வண்ணக்கர், கோயில் காரியங்களைப் பொறுப்பெடுத்து நடத்துகிறவர். பிறகு எப்படியோ சம்மதித்தார். அம்மாவும் சம்மதித்தார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

பருப்பு இல்லாததால் அம்மா ஓய்ந்துவிடவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் படுவான்கரைச் சேனை நிலங்களில் கௌபிப் பயறும் பச்சைப் பயறும் நன்றாக விளைந்தன. கௌபியை முதல்நாளே ஊறப்போட்டு, தோல் வெடிக்கும்வரை அவித்து, தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டுப் பிரட்டித் தருவார். காலையில் அதுதான், கூட ஒரு கட்டைச் சம்பல். பயற்றை வெறும் சட்டியில் வறுப்பார். வறுபடும் பயற்றின் மணம் எப்படியென்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வெயிலில் காய்ந்த வைக்கோலும் கொஞ்சம் இனிப்பும் கலந்தது போல இருக்கும். திருகையில் உடைத்து, சுளகில் கொழித்து, கோது போனதும் மஞ்சளாகப் பருப்பு வரும். கோது முழுக்க என் தலையில்தான் விழும். அந்தப் பயற்றம் பருப்பைத் தேங்காய்ப்பால் விட்டு மைசூர்ப் பருப்பு மாதிரியே ஆக்குவார். "கண்ணை மூடிட்டுத் தின்னு மனே, வித்தியாசம் தெரியாது" என்பார். கண்ணை மூடினாலும் தெரியும். ஆனால் தாளிதம் போட்டால் தெரியாது.

தாளிதம் என்றால் அம்மாவின் தாளிதம். ஊர்க் கொல்லர் அடித்துக் கொடுத்த நீண்ட காம்புள்ள இரும்புக் கரண்டி ஒன்று அதற்கென்றே இருந்தது. தேங்காயெண்ணெய் காய்ந்ததும் கடுகு, கடுகு வெடித்ததும் பெருஞ்சீரகம், பிறகு செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், கடைசியில் கறிவேப்பிலை. வெங்காயம் பொன்னிறமாகி ஓரம் கறுக்கத் தொடங்கும் அந்த நொடியில் கரண்டியோடு சட்டிக்குள் அமிழ்த்தி, மூடியால் பட்டென்று மூடிவிடுவார். உள்ளே பாம்பு சீறுவது போல ஒரு சத்தம். மூடியைத் திறக்க விடமாட்டார். "வாசம் போயிடும், கிட" என்பார். அந்தக் கரண்டி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இடப்பெயர்வுகளில் எத்தனையோ போயின.

அக்கா உண்டானது அந்த வருடம். சந்தோசம் சில நாட்கள்தான். பிறகு அவளுக்கு எதுவும் வயிற்றில் நிற்கவில்லை. கௌபி அவிந்தால் ஓங்காளிப்பாள். மீன் என்ற சொல்லைக் கேட்டாலே கிணற்றடிக்கு ஓடுவாள். பயற்றங்கஞ்சி, சோற்றுத் தண்ணீர், இளநீர், எல்லாம் போன வழியே வந்தன. கன்னம் ஒட்டி, கண்கள் பெரிதாகி, வளையல் முழங்கைவரை ஏறியது. "எல்லாப் பொம்புளயளுக்கும் இதுதான், மூணு மாசம் போனாச் சரி" என்று அம்மா சொன்னார். மூன்று மாதம் தாண்டியும் சரியாகவில்லை.

ஒருநாள் பாயில் படுத்தபடியே அக்கா அத்தானிடம் சொன்னாள்: "எனக்கு மைசூர்ப் பருப்பு வேணும். தாளிச்சு. செத்தல் மிளகாய் கறுத்திருக்கணும்."

அத்தான் சிரித்தார். "நாட்டிலேயே இல்லாத சாமானக் கேக்கிறாய் புள்ள. யானை ஒண்டு வேணுமெண்டு கேட்டிருக்கலாம், வாகரைப் பக்கம் போனாப் பிடிச்சிருப்பன்."

ஆனால் மறுநாள் கந்தோர் முடிந்து ஏறாவூருக்குப் போனார். அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானாவை அவருக்குத் தெரியும். நானா தன் வீட்டுப் பாவிப்புக்கென்று ஒளித்து வைத்திருந்த பருப்பில் பாதியைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்துவிட்டாராம். அத்தான் அதைக் கொண்டுவந்து விரித்தபோது வீட்டில் எல்லோரும் கூடி நின்று பார்த்தோம். அந்தச் செம்மஞ்சள் நிறத்தை நான் மறந்தே போயிருந்தேன். ஒரு பருப்பை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். அம்மா கையைத் தட்டிவிட்டார்.

பருப்பு வந்ததோ, கோயில் கதவு திறந்த மறுநாள். நம் பக்கத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கண்ணகை அம்மன் கோயில்களில் வருடத்தில் சில நாட்கள் மட்டுமே கதவு திறப்பார்கள், வைகாசியில். திறந்ததிலிருந்து சடங்கு முடிந்து அடைக்கும்வரை ஊரில் எண்ணெய் கொதிக்கக் கூடாது. பொரியல் இல்லை, தாளிதம் இல்லை, மீன் இல்லை. அம்மாள் எரிந்த நெஞ்சோடு வந்தவள். அவளைக் குளிர்விக்கத்தான் அத்தனை பாட்டும் பூசையும். அந்த நேரத்தில் ஊர் அடுப்புகளில் எண்ணெய் சீறினால் அவளுக்கு எப்படி இருக்கும்? சின்னப் பிள்ளைகளுக்கும் இது தெரியும். அதிலும் வண்ணக்கர் வீடு.

அம்மா பருப்பைத் தாளிக்காமல் ஆக்கிக் கொடுத்தார். அக்கா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுத்தாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் அழுதது முதுகில் தெரிந்தது.

"கதவு அடைக்கட்டும், நான் செஞ்சு தாறன் புள்ள" என்றார் அம்மா.

"அதுக்குள்ள நான் இரிப்பனோ தெரியா" என்றாள் அக்கா.

அடுத்த நாள் பின்னேரம், அப்பாவும் அம்மாவும் கோயிலில் இருந்த நேரம், அத்தான் என்னைக் கூப்பிட்டார். மண்ணெண்ணெய் அடுப்பு, மிச்சப் பருப்பு அவித்த சட்டி, எண்ணெய்ப் போத்தல், அந்த இரும்புக் கரண்டி, எல்லாவற்றையும் பக்கத்து வளவுக்காரரின் தோணியில் ஏற்றினார்.

"எங்க போறம் அத்தான்?"

"சமைக்க."

"தாளிக்கப்படாதே!"

"ஊருக்குள்ளதானே தாளிக்கப்படாது? ஆறு ஊருக்குள்ளயா இரிக்கி? நீ தோணிய ஆடாமப் பிடி, போதும்."

அந்தக் காட்சியை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் தோணி. நடுவில் காற்றுக்கு மறைவாகச் சாக்கைப் பிடித்துக்கொண்டு கந்தோர்ச் சட்டையோடு ஒரு மனிதர் கடுகு வெடிக்க வைக்கிறார். ஒரு கடுகு துள்ளி என் கன்னத்தில் பட்டது. மீன்பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் தூரத்திலிருந்து, "என்ன போஸ்ட் மாஸ்டர், மீனுக்கும் ஒரு கோப்பை வைப்பீங்களோ?" என்று கத்தினார். அத்தான் தபால் அதிபர் அல்ல, கிளாக்கர்தான். ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

கரைக்கு வந்தோம். கண்டல் மர நிழலில் விழுந்து கிடந்த தென்னங்குற்றியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். சட்டியிலிருந்தே சாப்பிட்டாள். முதலில் விரல் நுனியால், பிறகு கை முழுக்க. மிளகாயைக் கடித்தாள். மூக்கிலிருந்து நீர் ஒழுகியது. சட்டியின் அடியை வழித்துவிட்டு, "இன்னும் கிடக்கா?" என்று கேட்டாள். நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தோம். அது வெளியே வரவில்லை. அத்தான் தன் கைலேஞ்சியால் அவள் வாயைத் துடைத்துவிட்டார்.

ஆனால் அவர் ஒன்றை யோசிக்கவில்லை. அது கச்சான் வீசும் காலம். மேற்கேயிருந்து ஆற்றின் மேலால் வந்த காற்று எங்கள் கரையைத் தாண்டி நேரே கோயிலுக்குத்தான் போகும். கோயிலில் பூசைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த கட்டாடியார் (எங்கள் பக்கத்தில் அம்மன் பூசாரியைச் சொல்லும் பெயர்) வேப்பிலையோடு அப்படியே நின்றுவிட்டாராம். அங்கிருந்த எல்லோரும் மூக்கை உயர்த்தினார்களாம். தூணில் சாய்ந்திருந்த ஒரு கிழவர், "வெங்காயம் நல்ல பக்குவம்" என்று சொல்லி ஏச்சு வாங்கினாராம். ஊர் இதை வருடக்கணக்காகச் சொல்லிச் சிரித்தது.

அப்பா சால்வையை இடுப்பில் கட்டியபடி மணத்தின் பின்னால் நடந்து வந்தார், பின்னால் பத்துப் பேர். வந்து நின்ற இடம் அவருடைய சொந்த வளவு. அத்தான் கையில் கரண்டி.

"மாமா, ஊருக்குள்ள தாளிக்கல்ல. ஆத்தில வச்சித்தான்..."

அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் கட்டாடியார் வந்துவிட்டார். அக்காவைப் பார்த்தார், வழித்த சட்டியைப் பார்த்தார். ஒரு குடம் மஞ்சள்நீரில் வேப்பிலை போட்டு துறையிலும் தோணியிலும் தெளிக்கச் சொன்னார். "புள்ளத்தாச்சிட பசி அம்மாளுக்குத் தெரியாதா? போங்க, வேலயப் பாருங்க" என்றார். அவ்வளவுதான். ஊர் அத்தானுக்கு 'ஆத்துத் தாளிதம்' என்று பட்டம் வைத்ததோடு விசயம் முடிந்தது.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கூட்டத்தின் பின்னால் நின்று, தண்ணீர் தெளித்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு அடைத்துக் கொஞ்ச நாளில், ஆனி மாதத்தில், அக்காவின் பிள்ளை தங்காமல் போயிற்று. பட்டினத்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபோது அக்கா பஸ்ஸிலிருந்து ஒரு கிழவியைப் போல இறங்கினாள். இப்படி நடப்பதுண்டு, யாருடைய பிழையும் இல்லை என்று டொக்டர் சொன்னதாக அத்தான் அப்பாவிடம் சொன்னார். அப்பா தலையாட்டினார். பிறக்காத பிள்ளைக்குக் கிரியை கிடையாது, எட்டாம் நாள் படையல் கிடையாது. எங்கே புதைத்தார்கள் என்றுகூட யாரும் கேட்கவில்லை. பிள்ளை என்ற சொல்லை வீட்டில் எவரும் எடுப்பதில்லை என்பது தானாகவே விதியாகிவிட்டது.

அம்மா அத்தானை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசவும் முடியாது. அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் மாமி மருமகன் முன்னால் நின்று கதைப்பதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று, "தம்பி, அவருக்குத் தண்ணி வேணுமா எண்டு கேளு" என்பார். அவரும், "மாமிக்குச் சொல்லு தம்பி, போதும் எண்டு" என்பார். இரண்டடி தூரத்தில் இருக்கும் இரண்டு பேருக்கும் இடையில் நான் ஓடித் திரிவேன்.

ஏசுவதற்குப் பதில் அம்மா இரண்டு சட்டி வைத்தார்.

பயற்றம் பருப்பை ஒன்றாகத்தான் அவிப்பார். பால் விட்டு இறக்கியதும் ஒரு சின்னச் சட்டியில் அத்தானுக்கென்று எடுத்து மூடி வைத்துவிடுவார். மிச்சத்தைத் தாளிப்பார். அது மத்தியானம், அத்தான் கந்தோரில் இருக்கும் நேரம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் காலையிலேயே பட்டினத்து வேதக்கோயிலுக்குப் போய்ப் பொழுதுபடத்தான் வருவார். அவர் வந்து சாப்பிட உட்காரும்போது வீட்டில் தாளித்த மணம் மிச்சம் இருக்காது, கச்சான் கொண்டுபோயிருக்கும். அக்காவுக்குத் தனிப் பத்தியம், உள்ளறையில். அப்பா கோயில் கணக்கு வழக்குகளை முடித்துவிட்டு எப்போதாவது வந்து சாப்பிடுவார். மருமகனுக்கு முன்விறாந்தையில் தனியே பாய் போட்டு வைப்பதுதான் மரியாதை. கொண்டுபோய் வைக்கிறவன் நான்.

"ஏன் அம்மா அத்தானுக்கு மட்டும் வெறும் பருப்பு?"

"அவருக்குத்தான் தாளிதத்தில ஆசை கூடிப்போச்சே. ஆசை தீரட்டும்."

பிறகு என் காதைப் பிடித்தார். பலமாக அல்ல. "அக்காட்ட இதக் கொண்டுபோய்ச் சொன்னியெண்டா உனக்கும் இந்தச் சட்டிதான்."

நான் சொல்லவில்லை. எனக்குத் தாளித்த பருப்புப் பிடிக்கும்.

அத்தான் ஒவ்வொரு நாளும் அந்த மஞ்சள் பருப்பைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். சாப்பாட்டுக்கு முன் அவர் வழக்கமாகச் சொல்லும் ஜெபம் சின்னது. அந்த நாட்களில் அது நீண்டுகொண்டே போயிற்று. பிறகு சோற்றில் ஊற்றி, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிடுவார். இன்னும் கொஞ்சம் உப்பு என்றுகூடக் கேட்கவில்லை. சாப்பிட்ட கோப்பையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"முழுக்கத் திண்டிட்டாரா?"

"ஓம்."

"ஒண்டும் சொல்லல்லயா?"

"இல்ல."

"பிழை தெரிஞ்ச மனுசன். அதான் வாய் திறக்கிறாரில்ல" என்பார் அம்மா. அதில் வெற்றி இருக்காது. கோப்பையைக் கழுவாமல் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குந்தியிருப்பார். தண்டிக்கிறவருக்கும் அதிலிருந்து வெளியே வர வழி தெரியவில்லை என்று இப்போது விளங்குகிறது. அன்றைக்கு எனக்குப் பசிதான் விளங்கியது.

ஆனி போய், ஆடி ஆவணி போய், மழை தொடங்கி, வட்டைகளில் நெல் பச்சையாகிய பிறகும் இரண்டு சட்டி இருந்தது. ஒருநாள் அக்கா மறுபடி கிணற்றடிக்கு ஓடினாள். அம்மா அடுப்படியிலிருந்து அதைப் பார்த்தார். அன்று மத்தியானம் ஒரு சட்டிதான். அத்தான் வந்தபின் அவருக்கென்று புதிதாகத் தாளித்தார். நான் கொண்டுபோன கிண்ணத்தில் கடுகும் கறுத்த மிளகாயும் மிதந்தன.

அத்தான் கண்ணை மூடினார். திறந்தபோது கண் நிறைந்திருந்தது. "மாமிக்குச் சொல்லு தம்பி, நல்லாரிக்கி எண்டு" என்றார். அதைச் சொல்லத் தேவையில்லை. அம்மா கதவுக்குப் பின்னால்தான் நின்றார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "விளங்கிட்டு அவருக்கு" என்றார் எனக்கு மட்டும் கேட்கும்படி.

அந்தமுறை மகள் பிறந்தாள், சுகமாக. சில வருடங்களில் அவர்கள் பட்டினத்துக்குப் போனார்கள். எவ்வளவோ நடந்தது. அப்பா போனார், பிறகு அம்மா போனார். அம்மாவின் பிரேதப் பெட்டியைத் தூக்கியவர்களில் அத்தானும் ஒருவர். இறக்கிவைக்க மனமில்லாதவர் போல் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த மனிதருக்கா அப்படிச் செய்தோம் என்று நினைத்தேன். நான் படித்தேன், படிப்பித்தேன், ஓய்வு பெற்றேன். அந்த இரண்டு சட்டியை மட்டும் எங்கும் இறக்கிவைக்க முடியவில்லை.

போன வருடம் ஆனியில் ஒருநாள், சொல்லாமல் கொள்ளாமல் அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தானுக்கு இப்போது நடக்கப் பொல்லு வேண்டும். மத்தியானச் சாப்பாட்டு நேரம். மேசையில் சோறும் ஒரு கிண்ணம் பருப்பும் மட்டும். வேறு கறி இல்லை. பருப்பில் கடுகு இல்லை, மிளகாய் இல்லை. மஞ்சளாக, வெறுமையாக, அன்று நான் கொண்டுபோய் வைத்தது போலவே இருந்தது.

"நீ வாறது தெரிஞ்சா ரெண்டு மீனாவது பொரிச்சிருப்பன்" என்றாள் அக்கா. "வருசத்தில ஒரு நாளைக்கு இவருக்கு இப்பிடித்தான் வேணும். ஏனெண்டு கேட்டாச் சிரிப்பார். கொஞ்சம் இரு, பக்கத்து வீட்டில ஒரு முட்டை வாங்கிட்டு வாறன்." செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனாள்.

நான் நினைத்ததைச் சொல்கிறேன். இந்த மனிதர் இத்தனை வருடமும் அந்த அவமானத்தை மறக்கவில்லை, வருடத்துக்கு ஒருநாள் அதைத் தனக்கே பரிமாறிக்கொள்கிறார் என்று நினைத்தேன். யாரும் இல்லாத நேரம். இப்போது கேட்காவிட்டால் எப்போது?

"அத்தான், அம்மாவ மன்னிச்சிடுங்க. என்னையும்."

"என்னத்துக்கு?"

"இதுக்குத்தான்." கிண்ணத்தைக் காட்டினேன். "அந்த நாளில உங்களுக்கு மட்டும் தாளிக்காம வச்சதுக்கு."

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எனக்கு மட்டுமா?"

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். அவர் கேட்ட விதத்திலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். ஆனால் இத்தனை காலம் அடைத்து வைத்தது, வாய் திறந்ததும் கொட்டியது. இரண்டு சட்டியைச் சொன்னேன். மத்தியானத் தாளிதத்தைச் சொன்னேன். ஆசை தீரட்டும் என்று அம்மா சொன்னதைச் சொன்னேன். கோப்பையைத் திருப்பிப் பார்த்ததைக்கூடச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு இலேசாக இருந்தது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அத்தான் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு என்னிடம் சொல்வது போல அல்ல, கிண்ணத்திடம் சொல்வது போலச் சொன்னார்.

"நான் நினைச்சன், வீட்டில ஒருத்தருக்கும் தாளிக்கிறல்ல எண்டு. அந்தப் புள்ளைக்காக மாமி அப்பிடி இரிக்கிறா எண்டு. கோயில் கதவு திறந்தாத் தாளிக்க மாட்டீங்கதானே, அது மாதிரி ஒரு துக்கம் எண்டு. அந்தப் புள்ளைக்கு ஒரு பேரில்ல, குழியில்ல. எங்கட சபை ஐயரும் ஒரு ஜெபம் வைக்கல்ல. உலகத்திலேயே மாமி ஒருத்திதான் அந்தப் புள்ளைக்கு ஏதோ செய்யிறா எண்டு நினைச்சன். நானும் சேந்து செஞ்சன்."

மூச்சு வாங்கிக்கொண்டார்.

"அக்காட்ட இதக் கதைச்சதில்ல. அந்தப் பேச்செடுத்தா அவள் தாங்கமாட்டாள். அதான் ஒருநாள் மட்டும், வருசா வருசம்..."

வாசலில் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டது. அத்தான் என் பக்கம் திரும்பினார். கோபமே இல்லை அந்த முகத்தில். இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏன் தம்பி இத எனக்குச் சொன்ன?"

நான் தண்ணீர்ச் செம்பை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

"என்ன ரெண்டு பேரும் தின்னாம இரிக்கிறீங்க? ஆறிப்போச்சு" என்று அக்கா வந்து முட்டையைப் பொரிக்கப் போனாள். அத்தான் சோற்றில் கொஞ்சம் பருப்பு விட்டுப் பிசைந்தார். ஜெபம் சொல்லவில்லை. பாதியில் கையைக் கழுவிவிட்டார். அக்கா கோப்பையைப் பார்த்து, "உப்புக் குறைஞ்சிட்டா?" என்று கேட்டாள்.

"இல்ல. போதும்" என்றார்.

இந்த ஆனியில் அக்கா போன் எடுத்தாள். ஊர்க்கதை, மழைக்கதை, மகள் அனுப்பிய படங்கள் எல்லாம் சொல்லிவிட்டு, போகிற போக்கில் கேட்டாள்:

"தம்பி, இவர்ர அந்த நாள் வந்திட்டு, பருப்பு அவிக்கட்டா எண்டு கேட்டன். இனி வேணாமாம். எப்பவும் போலத் தாளிச்சே வை எண்டுட்டார். ஏன் எண்டு கேட்டா இப்ப சிரிக்கிறாருமில்ல. நீ போன முறை வந்த நேரம் ஏதும் கதைச்சியா?"

அவளுடைய அந்தத் தங்காமற்போன பிள்ளைக்கு என்று வருடத்தில் ஒருநாள் ஒரு கிண்ணம் இருந்தது, அது அவளுக்கே தெரியாது. இனி அது இல்லை என்பதும் அவளுக்குத் தெரியாது. சொல்வதானால் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

"இல்லக்கா" என்றேன்.

"அப்ப வயசு போகப் போக வாய் மாறுதாக்கும்."

"ஓம் அக்கா, மாறும்தானே" என்றேன்.